மரபுத்தொடரை வைத்துப் போடும் குறுக்கெழுத்துக் குறிப்புகளை எப்படிப் பிரிப்பது?

கட்டம்கட்டி கேட்டது:

விடையின் பொருளை நேராகச் சொல்லும் நேர்க்குறிப்புப் புதிர்களில் தடங்கல் இல்லை. குறிப்பின் சொற்களை உடைத்தும் சேர்த்தும் விடை காணும் கிரிப்டிக் புதிரில் மரபுத்தொடர் வந்தால்தான் நின்றுவிடுகிறது. தொடரின் பொருள் நன்றாகத் தெரிகிறது, ஆனால் அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு போனால் விடை கிடைப்பதில்லை. ஒரு பயிற்சிப் புதிரில் மிச்சம் நிற்பவை இந்த ஆறு (அடைப்பில் இருப்பது விடையின் கட்ட எண்ணிக்கை):

(அ) குளத்தைக் கைகழுவினால் கிடைப்பது உண்மையல்ல (2)
(ஆ) காலை வாரிவிட்டாலும் கழுத்தில் கிடந்தது உயர்ந்து நிற்கும் (2)
(இ) ஊர் ரெண்டுபட்டதில் தலையிழந்து அழிய, சம்பளம் வாங்குபவர் (4)
(ஈ) விழுந்து விழுந்து செய்வது (4)
(உ) ஆபத்தில் தலைகால் தெரியாமல் குதிக்க (2)
(ஊ) கொடுத்தால் வேலை போகும் (3)

(இ)-க்குக் 'கூத்தாடி' என்று போட்டேன். 4 கட்டமும் நிறைந்தது. ஆனால் அதன் 3-ஆம் கட்டத்தில் நெடுக்காக ஒரு சொல் தொடங்குகிறது: 'டெல்லியைத் தொட்டு ஓடும் நதி (3)'. அது யமுனைதான், 'தா'வில் தொடங்க வழியில்லை. (ஈ)-யில் 3-ஆம் கட்டம் 'ப்' என்று நெடுக்கு விடையால் உறுதி. (ஊ)-வில் நடுக்கட்டம் 'ல்'.

விடையை மட்டும் சொல்லிவிட வேண்டாம். எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதுதான் தேவை.

---

வடம்பிடி எழுதியது:

குறிப்பில் மரபுத்தொடர் கண்ணில் பட்டதும் அதன் வழக்குப் பொருளைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவையுங்கள். முதல் கேள்வி 'இதற்கு என்ன அர்த்தம்' என்பதல்ல, 'இதற்கு இங்கே என்ன வேலை' என்பது. பெரும்பாலும் அதன் வேலை கட்டளை இடுவது. எழுத்தை வெட்டு, நுழை, புரட்டு, கலை என்று புதிர் போடுபவர் வெறுமனே சொல்லாமல், நாம் தினமும் பேசும் தொடரைக் கொண்டு சொல்கிறார். நம் காதுக்கு அது ஒரே சொல்லாகக் கேட்டுப் பழகிவிட்டதால், உள்ளே 'கை', 'கால்', 'தலை' என்று தனித்தனிச் சொற்கள் இருப்பதே மறந்துபோகிறது.

(அ)-வைப் பாருங்கள். 'கைகழுவு' என்றால் விட்டுவிடு. அப்படிப் படித்தால் 'குளத்தை விட்டுவிட்டால்' என்று எங்கோ போய்விடுவோம். உடைத்துப் படியுங்கள்: ஒரு சொல்லில் இருக்கும் 'கை'யைக் கழுவிவிட வேண்டும். இப்போது கணக்கு. விடை 2 கட்டம், கழுவிய 'கை' 1 கட்டம், ஆக மூலச் சொல் 3 கட்டம், அதில் 'கை' இருக்க வேண்டும். குளத்துக்கு மாற்றுச் சொற்களை வரிசையாக ஓட்டுங்கள். ஏரி, வாவி, கேணி, தடாகம், குட்டை, பொய்கை. 'கை' உள்ளது பொய்கை ஒன்றுதான். பொ, ய், கை. கையைக் கழுவினால் பொய். 'உண்மையல்ல' என்பது விடையின் பொருள். குறிப்பில் ஒரு சொல்கூட வேலையில்லாமல் நிற்கவில்லை என்று கடைசியில் சரிபார்த்தால் போதும்.

மாற்றுச்சொல்லைத் தேடும் முன் இந்தக் கட்டக் கணக்கைப் போட்டுக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும். பலர் இதைச் செய்யாமல் நேரே சொல் தேடப் போவதால்தான் நேரம் போகிறது.

(ஆ)-வில் 'காலை வாரி' என்பதை உடைத்தால் 'கால்' வருகிறது. இந்தச் சொல்லில் கவனம் தேவை, ஏனென்றால் புதிரில் அதற்கு மூன்று பொருள் உண்டு: சொல்லின் கடைசி எழுத்து, 'ா' என்ற துணைக்கால், நான்கில் ஒரு பங்கு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். நான்கில் ஒன்றை வாரினால் மிஞ்சுவது முக்கால் பங்கு, எனவே விடையின் கட்டங்கள் 3-ஆல் வகுபட வேண்டும். இங்கே 2, ஒத்துவராது. கடைசி எழுத்தை வாரினால் மூலச் சொல் 3 கட்டம். கழுத்தில் கிடப்பதில் 'ஆரம்' 3 கட்டம்தான், ஆனால் 'ம்' போனால் 'ஆர', அது எங்கும் உயர்ந்து நிற்காது. துணைக்கால் போனால் கட்ட எண்ணிக்கை குறையாது, எனவே மூலச் சொல்லும் 2 கட்டம். தாலி என்றால் 'தலி', சொல்லே இல்லை. மாலை என்றால் மலை. உயர்ந்து நிற்கிறது.

தமிழில் எழுத்தின் உறுப்புகளுக்கே கால், கொம்பு, புள்ளி, சுழி என்று பெயர் இருப்பதால் நம் புதிர்களுக்கு வாய்த்த வசதி இது. 'கொம்பு முளைத்த' என்று வந்தால் 'ெ' சேர்த்துப் பாருங்கள். 'கொம்பு முளைத்த வீக்கம் இளகாதது (3)' என்றால் கட்டி, கெட்டி ஆகிறது. வீக்கத்துக்குப் 'பரு' என்று எடுத்தால் 'பெரு' கிடைக்கும், ஆனால் அது 2 கட்டம்.

(உ)-வில் 'தலைகால் தெரியாமல்' என்றால் தலையும் தெரியக்கூடாது, காலும் தெரியக்கூடாது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போக 2 கட்டம் மிஞ்ச வேண்டும், ஆக மூலச் சொல் 4 கட்டம். 'ஆபத்து' 4 கட்டம்தான், ஆனால் நடுவில் மிஞ்சுவது 'பத்'. மாற்றுச்சொல் அபாயம். அ-வும் ம்-மும் மறைந்தால் 'பாய'. குதிக்க, பாய இரண்டும் ஒரே வடிவத்தில் இருப்பதைக் கவனியுங்கள். குறிப்பு 'குதித்தான்' என்று முடிந்திருந்தால் விடையும் '-ஆன்' என்றுதான் முடிய வேண்டும். பொருள் சரியாக இருந்து வடிவம் ஒத்துவராவிட்டால் அந்த விடையைத் தயங்காமல் அழித்துவிடலாம்.

இனி (இ). எனக்கு இந்த ஆறில் மிகவும் பிடித்தது இதுதான். 'ஊர் ரெண்டுபட்டால்' என்று வாசித்ததும் 'கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்று நாக்கு தானாக முடித்துவிடும். கூத்தாடியும் 4 கட்டம். புதிர் போட்டவர் அந்தப் பொருத்தத்தைப் பார்த்துத்தான் வலையை விரித்திருக்கிறார். ஆனால் கூத்தாடி என்று வைத்தால் 'தலையிழந்து', 'அழிய' இரண்டுக்கும் வேலை இல்லை. வேலையில்லாத சொல் மிஞ்சுகிறதா என்று பார்த்தாலே யமுனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

உடைத்துப் படியுங்கள். 'ஊர்' ரெண்டுபடுகிறது: ஊ ஒரு பக்கம், ர் ஒரு பக்கம். அதில், அதாவது அந்த இடைவெளியில், தலையிழந்த 'அழிய'. அ போனால் 'ழிய'. ஊ + ழிய + ர். ஊழியர், சம்பளம் வாங்குபவர். 3-ஆம் கட்டம் 'ய', யமுனை தொடங்கலாம்.

(ஈ), (ஊ) இரண்டும் வேறு சாதி. அவற்றில் வெட்ட எழுத்தும் இல்லை, நுழைக்கச் சொல்லும் இல்லை. குறிப்பே மூன்று சொல். அப்படி இருந்தால் கட்டளை கிடையாது என்று எடுத்துக்கொண்டு, வழக்கில் அந்தத் தொடர் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்று மட்டும் தேட வேண்டும்.

---

புள்ளிமெய் எழுதியது:

அந்த இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த வகையில் யோசனையைவிடக் கட்டங்கள்தான் தீர்ப்பு சொல்லும்.

(ஊ) 'கொடுத்தால் வேலை போகும்'. 'கொடு' என்பதோடு சேர்ந்து வருபவற்றை எழுதுங்கள்: கல்தா, அல்வா, டேக்கா, டிமிக்கி. டிமிக்கி 4 கட்டம், போகட்டும். மற்ற மூன்றும் 3 கட்டம், மூன்றிலும் நடுவில் புள்ளி எழுத்து, மூன்றிலும் கடைசியில் ஆகாரம்.

க – ல் – தா
அ – ல் – வா
டே – க் – கா

உங்களிடம் இருக்கும் 'ல்' டேக்காவை மட்டும்தான் கழிக்கிறது. கல்தாவுக்கும் அல்வாவுக்கும் அந்தக் கட்டம் பொது. முதல் கட்டமோ மூன்றாம் கட்டமோ கிடைத்தால்தான் எழுத்தால் முடிவு செய்யலாம். இங்கே பொருளே பிரித்துக் காட்டுகிறது: பதவியிலிருந்து, வேலையிலிருந்து அனுப்புவதற்குக் கல்தா, நம்பவைத்து ஏமாற்றுவதற்கு அல்வா, பிடிக்க வருபவரிடமிருந்து நழுவுவதற்கு டேக்கா, டிமிக்கி. இது கல்தா. 'திருநெல்வேலியில் வாங்குவது, நம்பியவருக்குக் கொடுப்பது' என்று வந்திருந்தால் அல்வா.

(ஈ) இன்னும் சிக்கல். விழுந்து விழுந்து சிரிக்கலாம், படிக்கலாம், கவனிக்கலாம், உபசரிக்கலாம். கவனிப்பு 5, உபசரிப்பு 6. மிஞ்சுவது சிரிப்பு, படிப்பு. இரண்டும் 4 கட்டம், இரண்டிலும் 3-ஆம் கட்டம் ப், 4-ஆம் கட்டம் பு. கையில் இருக்கும் 'ப்' ஒரு உதவியும் செய்யாது. முதல் அல்லது இரண்டாம் கட்டத்தில் ஏதாவது விழும்வரை பென்சிலால்கூட எழுத வேண்டாம். எழுதிவிட்டால் அந்த 'சி'யை வைத்து நெடுக்கில் இன்னொரு தப்பான சொல் முளைக்கும்.

என் பார்வையில் இது குறையுள்ள குறிப்பு. 'விழுந்து விழுந்து செய்தால் வயிறு வலிக்கும் (4)' என்று இரண்டு சொல் கூடுதலாகப் போட்டிருந்தால் படிப்பு விலகியிருக்கும்.

நேர்மாறான உதாரணம்: 'விடலாம், திரிக்கலாம், உண்மை மட்டும் இருக்காது (3)'. கயிறும் பொருந்தும், சரடும் பொருந்தும். ஆனால் க/ச, யி/ர, று/டு என்று மூன்று கட்டமும் வேறுபடுவதால் எந்தக் கட்டத்தில் குறுக்கு வெட்டு விழுந்தாலும் தீர்ந்துவிடும். ஆகவே இரண்டு விடை தோன்றினால் அவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டம் பிரித்து எழுதி, எந்தக் கட்டம் வேறுபடுகிறது என்று பாருங்கள். அந்தக் கட்டத்தின் வழியாகப் போகும் நெடுக்குக் குறிப்பைத்தான் அடுத்துப் போட வேண்டும். வரிசை எண் படி போட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

'கம்பி'யிலும் இதே கதை. 'நழுவு (3,3)' என்றால் கம்பி நீட்டு. 'சிறையில் இரு (3,3)' என்றால் கம்பி எண்ணு. 'நழுவினான்' என்று வந்தால் (3,5) ஆகும், கம்பி நீட்டினான். எண்ணினான் என்பதும் 5 கட்டம், முடிவும் அதே '-னான்'. கடைசி இரண்டு கட்டத்தை வைத்து முடிவு செய்யவே முடியாது.

புள்ளி எழுத்துகளைப் பற்றி ஒரு விஷயம், இது மரபுத்தொடர் விடைகளில் மிகவும் பயன்படும். நம் கட்டத்தில் மெய்யெழுத்துக்குத் தனிக் கட்டம். மெய்யில் எந்தச் சொல்லும் தொடங்காது. எனவே நீங்கள் நினைத்த விடையின் புள்ளி எழுத்து, நெடுக்குச் சொல் தொடங்கும் கட்டத்தில் விழுந்தால் அந்த விடை தப்பு, நெடுக்குக் குறிப்பைப் படிக்கவே வேண்டாம். ஒரு கட்டத்தில் க், ச், த், ப் வந்தால் அடுத்த கட்டம் அதே வரிசை எழுத்து: அக்கா, பச்சை, கத்தி, அப்பா. ட், ற் மட்டும் க, ச, ப-வோடும் சேரும்: வெட்கம், மாட்சி, நட்பு, முயற்சி. 'பக்தி' போன்ற பிறமொழிச் சொல் இதை மீறும். மரபுத்தொடரில் பிறமொழிச் சொல் நிறையப் புழங்குவதால் இந்த விதிவிலக்கை மறக்க வேண்டாம். தமிழ்ச் சொல் ட, ர, ல-வில் தொடங்காது என்று நினைத்து டேக்கா, டிமிக்கி, ரீல், லாடம் எல்லாவற்றையும் தவறவிடுபவர்கள் உண்டு.

இரண்டு சொல் சேர்ந்த தொடர்களில் ஒற்று எந்தச் சொல்லின் கணக்கில் வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதல் சொல்லின் கணக்கில்தான். ஆகாயக் கோட்டை (4,3), அவசரக் குடுக்கை (5,4), முதலைக் கண்ணீர் (4,4). தனிச் சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே (4,3) என்று போட்ட விடையில் 4-ஆம் கட்டம் 'க்' என்று கிடைத்தால் அது சந்தி, அடுத்த சொல் க-வரிசையில் தொடங்குகிறது. ஒரே கட்டத்தில் இரண்டு தகவல் கிடைத்துவிடுகிறது.

---

குப்பிவிளக்கு எழுதியது:

யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆட்கள் போடுகிற புதிர் என்றால் வழக்கும் மாறும், அதையும் ஒரு சொல் சொல்லிவிட வேணும். 'ஏமாற்று' என்ற பொருளுக்கு எங்கட பக்கம் முதலில் வருவது 'பேய்க்காட்டு'. ஏமாற்று வேலைக்குச் 'சுத்துமாத்து'. இரண்டும் 6 கட்டம். பே-ய்-க்-கா-ட்-டு, சு-த்-து-மா-த்-து. இரண்டிலும் 2-ஆம், 5-ஆம் கட்டம் புள்ளி எழுத்து. 3-ஆம் கட்டம் புள்ளியா இல்லையா என்று தெரிந்தாலே எது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். மரபுத்தொடர் பேச்சில் பிறந்தது, ஆகவே பேச்சு வடிவத்திலேயே கட்டத்துக்குள் வந்துவிடும். 'ஈயடிச்சான் காப்பி' (6,3) என்று ஒருவர் போடுவார், 'ஈயடித்தான்' என்று இன்னொருவர் திருத்திப் போடுவார். கட்டம் 6-தான், ஆனால் 4-ஆம், 5-ஆம் கட்டம் ச், சா-வா அல்லது த், தா-வா என்பது மாறும். ஒரு நெடுக்குச் சொல் அந்த இடத்தில் பிடிவாதமாகப் பொருந்தாவிட்டால், விடையை அழிப்பதற்கு முன் மற்ற வடிவத்தை எழுதிப் பாருங்கோ. குறிப்பில் 'ரெண்டு', 'அடிச்சான்' மாதிரிப் பேச்சு வடிவம் இருந்தால் விடையும் பேச்சு வடிவத்தில் இருக்கக்கூடும்.

---

கட்டம்கட்டி எழுதியது:

ஊழியர் விழுந்ததும் அந்த மூலை முழுக்கத் திறந்துவிட்டது. (ஈ)-க்கு 2-ஆம் கட்டத்தில் 'ரி' வந்தது, ஆகவே சிரிப்பு. அனைவருக்கும் நன்றி.

அடுத்த புதிரிலிருந்து இரண்டு சந்தேகம்.

'வாலைச் சுருட்டிய முட்பழம் ஒன்றிரண்டல்ல (2)'. முட்பழம் பலா என்று நினைக்கிறேன். வால் என்றால் கடைசி எழுத்து, அதை எடுத்தால் 'ப' மட்டும்தான் மிஞ்சுகிறது.

'பிள்ளையார் சுழி போட்டுத் தத்தளி! கைகொடுப்பது இதுதான் (3)'. இதில் எங்கிருந்து தொடங்குவது?

கூடவே ஒரு கேள்வி: 'அநியாய விலை (6)' என்பதற்குப் 'பகல்கொள்ளை' என்று போட்டேன். 3-ஆம் கட்டம் 'ல்' பொருந்தவில்லை. மற்றவை எல்லாம் சரி.

---

வடம்பிடி எழுதியது:

கடைசிக் கேள்வி சுலபம். தொடர் பிரிந்து வந்தால் பகல் கொள்ளை (3,3). எண் ஒன்றாக (6) என்று இருப்பதால் சேர்த்து எழுதியிருக்கிறார்கள், சேரும்போது ல் ற் ஆகும்: ப-க-ற்-கொ-ள்-ளை. மொத்தக் கட்டம் மாறாது, அந்த ஒரு கட்டம் மட்டும் மாறும். அடைப்புக்குள் இருக்கும் எண் இரண்டாகப் பிரிந்திருக்கிறதா, சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ல், ள் என்று முடியும் சொல்லோடு க, ச, ப சேரும் தொடர் எல்லாவற்றிலும் இந்த இடத்தை ஒருமுறை பாருங்கள்.

பலா சரிதான். ஆனால் வாலைச் சுருட்டுவது வேறு, அறுப்பது வேறு. 'வாலறுந்த' என்றால் கடைசி எழுத்து போய்விடும். சுருட்டினால் வால் இருக்கும், நீளம் குறையும்: நெடில் குறிலாகும். லா சுருண்டு ல. பல, அதாவது ஒன்றிரண்டல்ல. வினைச்சொல்லைக் கவனிக்காமல் உறுப்பின் பெயரை மட்டும் பிடித்துக்கொள்வது இந்த வகைக் குறிப்புகளில் அடிக்கடி நடக்கும் தவறு. தலையைப் பொறுத்தும் அப்படித்தான். தலை தப்பினால், தலைமுழுகினால் முதல் எழுத்து போகும். தலைகீழாக என்றால் எதுவும் போகாது, கடைசியிலிருந்து படிக்க வேண்டும். 'தலைகீழாக நின்றாலும் காவிரி பிறக்குமிடம் மாறாது (3)' என்றால் குடகு. திருப்பினாலும் அதே கு-ட-கு.

பிள்ளையார் சுழி என்றால் எழுத்தில் 'உ'. போட்டுவிட்டுத்தான் எதையும் தொடங்குவோம், எனவே அது முதல் கட்டம். மிச்சம் 2 கட்டத்துக்குத் 'தத்தளி' என்ற பொருளில் ஒரு சொல். தவி. உ + தவி = உதவி, கைகொடுப்பது. இதே 'தவி'யை இன்னொரு பக்கமிருந்தும் எடுக்கலாம்: 'பதவியைத் தலைமுழுகித் தத்தளி (2)'. ப போனால் தவி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், சேர்க்கும் தொடர் எது, கழிக்கும் தொடர் எது என்று காது பழகிவிடும்.

மாற்றுச்சொல் தட்டுப்பாடுதான் பெரும்பாலும் நம்மை நிறுத்துகிறது, தொடரின் பொருள் அல்ல. அதற்கு நிகண்டுகளை, அதாவது செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூல்களைப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். திவாகரமும் சூடாமணி நிகண்டும் 12 தொகுதியாகப் பிரிந்தவை. இடப்பெயர்த் தொகுதியில் நீர்நிலைகளின் பெயர்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். 11-ஆம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. 'கால்' போன்ற சொற்களுக்கு அதைவிட நல்ல துணை இல்லை. தொடர்களுக்கு 'மொழி' அறக்கட்டளை வெளியிட்ட தற்காலத் தமிழ் மரபுத்தொடர் அகராதி இருக்கிறது. புதிர் போடும்போது பார்ப்பதைவிட, முடித்த பிறகு தவறிய தொடரை அதில் பார்த்து, கூட வரும் வினைச்சொல்லோடு சேர்த்துக் குறித்துவைப்பது நல்லது. 'கல்தா' என்று தனியாகக் குறித்தால் பயனில்லை, 'கல்தா கொடு' என்று குறிக்க வேண்டும்.

---

புள்ளிமெய் எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. சில இதழ்களின் புதிர்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டுமல்லாமல் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் குறிப்புகள் இருக்கும். 'குழம்பியிருக்கிறது', 'தலையில்லை' என்று வெளிப்படையாகவே எழுதியிருப்பார்கள். அங்கே மேலே சொன்ன புள்ளி எழுத்துச் சோதனையை அப்படியே போட்டால் தப்பாகும். வலமிருந்து இடம் வரும் சொல் இடது ஓரத்தில் முடிகிறது, எனவே இடது ஓரக் கட்டத்தில் ம், ன், ர் எல்லாம் தாராளமாக வரும். 'குழம்பியிருக்கிறது' என்றால் க், ச், த், ப்-க்குப் பின் அதே வரிசை என்ற விதியும் செல்லாது. அந்தச் சோதனைகளை நேராகப் படிக்கும் விடைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழப்பத்தில் 'நகரம்' என்ற சொல்லை நினைவில் வையுங்கள். நடு இரண்டு கட்டம் இடம் மாறினால் 'நரகம்'. 'ஊர் குழம்பினால் பாவிகள் சேருமிடம் (4)' என்ற மாதிரி வந்தால் மீண்டும் கூத்தாடியைத் தேடிப் போக வேண்டாம்.

பழகிப் பார்க்க ஒன்று: 'மடியில் குழந்தையின் தலை, பாம்பு மயங்கும் இதற்கு (3)'.

---

கட்டம்கட்டி எழுதியது:

'மடியில்' என்பது 'மடி'க்குள் என்று எடுத்தேன். ம, டி இரண்டும் ஓரத்தில். விடை 3 கட்டம் என்பதால் உள்ளே ஒரு கட்டம்தான். குழந்தையின் தலை கு. ம-கு-டி. பாம்பு மயங்குவது மகுடிக்கு. குறிப்பில் எந்தச் சொல்லும் மிஞ்சவில்லை.